புக்கேலேயும் மார்ட்டினஸும்: இன்றைய தலைவரைப் பழைய சர்வாதிகாரியோடு எப்படி ஒப்பிடுவது?

1934 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் அதிபர் ஜெனரல் மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்ட்டினஸ் பதவியிலிருந்து விலகி, நாற்காலியைத் தன் நம்பிக்கைக்குரிய இன்னொரு ஜெனரலிடம் ஒப்படைத்தார். ஆறு மாதம் கழித்து, 1935 மார்ச் 1-ஆம் தேதி, அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார். இடையில் ஒரு தேர்தல் நடந்திருந்தது. அதில் அவரைத் தவிர வேறு வேட்பாளர் இல்லை. 2023 டிசம்பர் 1-ஆம் தேதி அதே நாட்டின் அதிபர் நயீப் புக்கேலே ஆறு மாத விடுப்பில் போனார். அவருடைய தனிச்செயலாளராக இருந்தவர் பொறுப்பேற்றார். 2024 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஜூன் 1-ஆம் தேதி புக்கேலே இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். மார்ட்டினஸுக்குப் பிறகு, இடைவெளியில்லாமல் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபர் அவர்தான்.

ஏன் சரியாக ஆறு மாதம்? இரண்டு காலத்திலும் ஒருவர் தொடர்ந்து அதிபராக நீடிப்பதை அரசமைப்புச் சட்டம் தடுத்தது. புதிய பதவிக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அதிபராக இருந்தவர் போட்டியிடக் கூடாது என்பது அந்தத் தடையின் ஒரு பகுதி. இருவருமே தடையின் பெரிய பகுதியைத் தாண்டிவிட்டு, இந்தச் சிறிய பகுதியை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். சட்டத்தைக் கிழித்தெறிகிறவரை ஊரே சர்வாதிகாரி என்று சொல்லும். அதன் ஒரு வரியையாவது கவனமாகப் பின்பற்றிவிட்டால், சட்டப்படிதான் நடந்தேன் என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

வாக்குப்பெட்டி வழியாக வந்த ஒரு தலைவரை, துப்பாக்கி வழியாக வந்த பழைய சர்வாதிகாரியோடு ஒப்பிடும் பேச்சு இன்று பல நாடுகளில் கேட்கிறது. பெரும்பாலும் அது வசையாகத் தொடங்கி வசையாகவே முடிகிறது. “அவர் தேர்தலில் வென்றவர்” என்று ஆதரவாளர் சொல்வார். “இரண்டு பேரும் ஒன்றுதான்” என்று எதிர்ப்பாளர் சொல்வார். அதோடு பேச்சு நின்றுவிடும். ஒப்பீடு என்பது இதைவிடப் பொறுமையான வேலை. எந்த அம்சத்தை எந்த அம்சத்தோடு வைத்துப் பார்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், இரண்டு பேர் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே விலகுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள எல் சால்வடார் நல்ல களம். நாடும் பதவியும் ஒன்று. சட்டத்தின் தடையும் ஏறக்குறைய ஒன்று.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ராணுவச் சர்வாதிகாரி என்பவர் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்து, படைபலத்தாலேயே அதில் நீடிப்பவர். அவர் தேர்தல் நடத்தலாம், சட்டமன்றம் வைத்திருக்கலாம், புதிய அரசமைப்பே எழுதலாம். ஆனால் நாளைக்கு ராணுவம் கைவிட்டால் அவர் இல்லை.

வெகுஜனவாதத் தலைவருக்கு முதல் மூலதனம் மக்கள் ஆதரவு. நாட்டில் இரண்டே தரப்புதான் இருக்கிறது என்று அவர் சொல்வார்: ஒருபக்கம் நேர்மையான சாதாரண மக்கள், மறுபக்கம் அவர்களை ஏமாற்றிப் பிழைத்த பழைய அரசியல் கூட்டம். மக்களின் குரல் தான் மட்டுமே என்றும் சொல்வார். இதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் மற்றவை தாமாகவே பின்தொடரும். நீதிபதி அவரைத் தடுத்தால் அது மக்களைத் தடுப்பதாகும். பத்திரிகையாளர் கேள்வி கேட்டால் அவர் மக்களுக்கு எதிரானவர். வெகுஜனவாதிகள் வலதுசாரியிலும் உண்டு, இடதுசாரியிலும் உண்டு. அவர்களில் பலர் தேர்தலில் தோற்று அமைதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா வெகுஜனவாதியும் சர்வாதிகாரி ஆவதில்லை. ஒருவர் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று அளப்பதற்குத்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

காபி நாட்டின் ஜெனரல்

1920-களின் எல் சால்வடார் காபியை நம்பி வாழ்ந்த நாடு. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு காபியிலிருந்தே வந்தது. அந்தக் காபி விளைந்த மண்ணில் கணிசமான பகுதி ஒரு காலத்தில் ஊர்ப் பொதுநிலமாக இருந்தது. 1880-களின் தொடக்கத்தில் அரசு சட்டம் போட்டுப் பொதுநிலத்தை ஒழித்தது. நிலம் சில குடும்பங்களின் கையில் சேர்ந்தது. அதில் பயிர் செய்தவர்கள் அதிலேயே கூலிகளானார்கள். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது காபி விலையும் கூலியும் சேர்ந்து விழுந்தன.

1931 ஜனவரியில், அந்த நாட்டு வழக்கத்துக்கு மாறாக, ஓரளவு நேர்மையான தேர்தல் நடந்தது. ஆர்த்துரோ அராவுஹோ அதிபரானார். துணை அதிபர் ஜெனரல் மார்ட்டினஸ். போர் அமைச்சகமும் அவர் கையில். அந்த டிசம்பர் 2-ஆம் தேதி இரவு ராணுவ அதிகாரிகள் கலகம் செய்து அராவுஹோவை விரட்டினார்கள். சில நாட்களில் மார்ட்டினஸ் அதிபரானார். கலகத்தால் வந்த அரசை அமெரிக்கா 1934 வரை அங்கீகரிக்கவில்லை.

அவர் பதவிக்கு வந்து ஏறக்குறைய ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. 1932 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, மேற்குப் பகுதியில் ஹுவாயூவா, நவிசால்கோ, இசால்கோ போன்ற ஊர்களில் விவசாயிகள் வெட்டுக்கத்தியோடு எழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிபில் பழங்குடியினர். கம்யூனிஸ்ட் தலைவர் ஃபராபுந்தோ மார்த்தி கிளர்ச்சிக்குச் சில நாட்கள் முன்பே கைதாகியிருந்தார். பிப்ரவரி 1-ஆம் தேதி அவரைச் சுட்டுக்கொன்றார்கள். கிளர்ச்சியில் ஈடுபட்டவர்கள் கொன்றது அதிகம் போனால் நூறு பேர் அளவு. ராணுவம் சில நாட்களில் எல்லா ஊர்களையும் மீட்டுவிட்டது. பெருங்கொலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பழங்குடித் தோற்றம், பழங்குடி உடை, கையில் வெட்டுக்கத்தி என்று ஏதாவது ஒன்று இருந்தாலே குற்றவாளி. வயல் வேலைக்குப் போகிறவனிடம் வெட்டுக்கத்தி இல்லாமல் இருக்குமா? சில வாரங்களில் கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இசால்கோவில் பழங்குடித் தலைவர் ஃபெலிசியானோ அமா தூக்கில் தொங்கவிடப்பட்டார். தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் உடையைக் கைவிட்டார்கள். நவாத் மொழியைப் பிள்ளைகளிடம் பேசப் பயந்தார்கள். ஒரு தலைமுறை பயந்து வாயை மூடிக்கொண்டதால் அந்த மொழி இன்று மிகச் சில முதியவர்களின் நாவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

மார்ட்டினஸ் இதன் மேல் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியைக் கட்டினார். ஒரே ஒரு கட்சிக்குத்தான் அனுமதி; அதுவும் அவருடைய கட்சி. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அதே சமயம் மத்திய வங்கியை நிறுவினார், சாலைகள் போட்டார், கடனில் சிக்கியவர்கள் நிலத்தை இழக்காமலிருக்கத் தவணை ஒத்திவைப்புச் சட்டம் கொண்டுவந்தார். பிரம்மஞானத்தில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர். அதைப் பற்றி வானொலியில் உரையாற்றினார். 1933-இல் அவர் அரசு கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் சீனர்கள், அரேபியர்கள், பாலஸ்தீனர்கள் உள்ளிட்டோர் நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. இந்தச் சட்டத்தை நான் இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது: புக்கேலேயின் தந்தைவழிக் குடும்பம் பாலஸ்தீனத்திலிருந்து வந்தது.

கட்டைப் பஞ்சாயத்தில் சிக்கிய நாடு

மார்ட்டினஸ் போன பிறகும் ராணுவம் போகவில்லை. 1979 வரை ஏதோ ஒரு வடிவில் ராணுவமே ஆண்டது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. சுமார் 75,000 பேர் இறந்தார்கள். 1981 டிசம்பரில் எல் மொசோட்டே என்ற சிற்றூரிலும் அதைச் சுற்றியும் ராணுவத்தின் ஒரு படைப்பிரிவு ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது. அவர்களில் பாதிக்கும் மேல் குழந்தைகள். 1992 ஜனவரி 16-ஆம் தேதி மெக்சிகோவில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை போரை முடித்தது. ராணுவம் முகாமுக்குத் திரும்பியது, புதிய காவல்துறை உருவானது, போராளிகள் கட்சியாக மாறித் தேர்தலுக்கு வந்தார்கள். அதன் பிறகு 2019 வரை, முதலில் வலதுசாரிக் கட்சி, பிறகு இடதுசாரிக் கட்சி என்று இரண்டு பெரிய கட்சிகள் ஆண்டன.

அந்தக் காலத்தில் சாதாரண மனிதனின் தலையில் விழுந்தது வேறொரு ஆட்சி. அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களோடு வந்த எம்.எஸ். 13, பாரியோ 18 என்ற கும்பல்கள் தெருத்தெருவாக நாட்டைப் பங்குபோட்டன. பஸ் முதலாளி மாமூல் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஓட்டுநர் சுடப்படுவார். சோள ரொட்டி சுட்டு விற்கும் பெண்ணும் கட்ட வேண்டும். ஒரு கும்பலின் பகுதியில் வசிக்கும் பையன் மற்றக் கும்பலின் பகுதியிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. அடையாள அட்டையிலிருக்கும் முகவரியே உயிருக்கு உலை வைக்கும். 2015-இல் ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கும் மேற்பட்ட கொலைகள். போர் நடக்காத நாடுகளில் உலகிலேயே மிக அதிகம். அன்றைய ஆட்சியாளர்கள் இதைத் தடுக்கவில்லை. கும்பல்களோடு ரகசியப் பேரமும் பேசினார்கள். முன்னாள் அதிபர்கள் ஊழல் வழக்குகளில் சிக்கினார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் புக்கேலேயைப் பற்றிப் பேசுகிறவர் பாதியைத்தான் பேசுகிறார்.

2019 பிப்ரவரியில், முப்பத்தேழு வயதில், முதல் சுற்றிலேயே பாதிக்கும் மேல் வாக்குகள் பெற்றுப் புக்கேலே வென்றார். அதற்கு முன் தலைநகர் சான் சால்வடாரின் மேயர். இடதுசாரிக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பதவியேற்ற அன்றே ட்விட்டரில் ஓர் ஆணை போட்டார்: எல் மொசோட்டே படுகொலையோடு பெயர் சேர்ந்திருக்கும் கர்னல் டொமிங்கோ மொன்டெரோசாவின் பெயரை ராணுவ முகாமின் சுவரிலிருந்து அகற்ற வேண்டும். உயிர் பிழைத்தவர்களின் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது ஒரே நாளில் நடந்தது. அடுத்த ஆண்டு, அதே படுகொலை வழக்கை விசாரித்த நீதிபதி ராணுவ ஆவணங்களைப் பார்க்க முகாம் வாசலுக்குப் போனபோது, ராணுவம் அவரை உள்ளே விடவில்லை. அதிபர் ராணுவத்தின் பக்கம் நின்றார். மேலும் ஓராண்டு கழித்து, அறுபது வயது தாண்டிய நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பும் சட்டம் வந்தது. அந்த நீதிபதியும் அதில் போனார். சுவரிலிருந்து பெயர் போனது, ஆவணம் உள்ளேயே பூட்டிக் கிடந்தது. வெகுஜனவாத ஆட்சியின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

எங்கே ஒப்பிடலாம், எங்கே கூடாது

முதல் கேள்வி, ஆட்சிக்கு வந்த வழி. இதில் இருவரும் ஒத்துப்போகவே இல்லை. ஒருவர் கலகத்தின் தோளில் ஏறி வந்தார். மற்றவர் மக்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கில் வந்தார். இதை மழுப்புகிறவரின் ஒப்பீட்டை நம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, வன்முறை. இங்கே நான் பிடிவாதமாக இருக்கிறேன். புக்கேலேயை “இன்னொரு மார்ட்டினஸ்” என்று ஒரே மூச்சில் சொல்வது 1932-இல் கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. சில வாரங்களில் ஒரு பழங்குடியைக் கூண்டோடு அழிக்க முயன்றதற்கு இணையாக இன்றைய எல் சால்வடாரில் எதுவும் நடக்கவில்லை. நடப்பது வேறு, அதை அதன் அளவிலேயே சொல்ல வேண்டும். 2022 மார்ச் 26-ஆம் தேதி ஒரே நாளில் கும்பல்கள் 62 பேரைக் கொன்றன. மறுநாள் சட்டமன்றம் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஏன் கைதுசெய்கிறோம் என்று சொல்ல வேண்டிய கடமை, வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை, தொலைபேசிப் பேச்சின் அந்தரங்கம் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. மூன்று நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற விதி பதினைந்து நாளாக நீண்டது. முப்பது நாளுக்கென்று வந்த நெருக்கடி நிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஒரே வழக்கில் நூற்றுக்கணக்கானவர்களை மொத்தமாக விசாரிக்கச் சட்டம் வந்தது. பல ஆயிரம் பேரை நிரபராதிகள் என்று அரசே விடுவித்தது. சிறைக்குள் நூற்றுக்கணக்கானோர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகம் பேரைச் சிறையில் வைத்திருக்கும் நாடு இன்று அதுதான்.

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். அரசுக் கணக்குப்படி 2024-இல் நாடு முழுவதும் நடந்த கொலைகள் 114. அந்தக் கணக்கில் சில வகை மரணங்கள் விடுபடுகின்றன என்ற விமர்சனம் உண்டு. அவற்றைச் சேர்த்தாலும் வீழ்ச்சி மிகப் பெரியது. பழைய கும்பல் எல்லைகளைத் தாண்டிக் குழந்தைகள் விளையாடப் போகிறார்கள். சோள ரொட்டி விற்கும் பெண் மாமூல் கட்டுவதில்லை. அவள் புக்கேலேக்கு வாக்களித்ததை அறியாமை என்று ஒதுக்குகிறவருக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகன், எந்தக் கும்பலிலும் இல்லாதவன், யாரோ கொடுத்த தொலைபேசித் தகவலை நம்பிப் பிடித்துக்கொண்டு போகப்பட்டிருக்கலாம். அவனுக்கு வழக்கறிஞர் யார், அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் சிறை வாசலில் அவள் நிற்கலாம். இரண்டு பெண்களும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் ஒப்பீடு உண்மையில் பலன் தருகிறது: தன்னைத் தடுக்கக்கூடியவற்றை ஒருவர் எப்படிக் கையாள்கிறார்?

மார்ட்டினஸின் படிகள் இவை. 1934-இல் விலகி, 1935-இல் ஒற்றை வேட்பாளராகத் திரும்பினார். 1939-இல் அரசமைப்பு மன்றம் ஒன்றைக் கூட்டினார்; அது பதவிக்காலத்தை நான்கிலிருந்து ஆறு ஆண்டாக்கியது, மக்களிடம் வாக்கு கேட்காமல் அவரையே அதிபராகத் தேர்ந்தெடுத்தது. மறுபடி நிற்கக் கூடாது என்ற விதி பொதுவாக இருந்தது, அவருக்கு மட்டும் அந்த ஒருமுறை விதிவிலக்கு. 1944 தொடக்கத்தில் மறுபடி அதே வேலை. 1949 வரை பதவி.

புக்கேலேயின் படிகளைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 9-ஆம் தேதி, பாதுகாப்புத் திட்டத்துக்கான 109 மில்லியன் டாலர் கடனுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தரவில்லை என்பதற்காக, ஆயுதம் தாங்கிய வீரர்களோடு அவைக்குள் நுழைந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரார்த்தனை செய்தார். வெளியே வந்து, கடவுள் பொறுமை காக்கச் சொன்னார் என்று கூட்டத்திடம் கூறினார். அன்று அவரிடம் அவையில் பெரும்பான்மை இல்லை. 2021 பிப்ரவரியில் அவர் கட்சி 84 இடங்களில் 56-ஐ வென்றது. புதிய அவை கூடிய முதல் நாளே, மே 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞரையும் நீக்கியது. செப்டம்பரில் புதிய நீதிபதிகள், அதிபர் மறுபடி போட்டியிடலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அதே மாதத்தில் அவர் தன் ட்விட்டர் பக்கத்தில் தன்னைச் சர்வாதிகாரி என்றே விளையாட்டாக எழுதிக்கொண்டார். 2024-இல் சுமார் 85 விழுக்காடு வாக்கு. 2025 ஜூலை 31-ஆம் தேதி, இடங்கள் அறுபதாகக் குறைக்கப்பட்டிருந்த அவையில் 57-க்கு மூன்று என்ற கணக்கில், எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று அரசமைப்பு திருத்தப்பட்டது. பதவிக்காலம் ஐந்திலிருந்து ஆறு ஆண்டானது. இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நீக்கப்பட்டது.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டத்தைத் தாண்டும் வேலை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது புரியும். இருவருமே அரசமைப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஆளவில்லை. அதைத் தங்கள் அளவுக்குத் தைத்துக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் இன்றைய திருத்தம் 1939-ஐயும் மிஞ்சுகிறது. அன்று ஒருவருக்கு ஒருமுறை விதிவிலக்கு கொடுத்தார்கள். இன்று விதியையே எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் 1983 அரசமைப்பு, ராணுவ ஆட்சிகளின் அனுபவத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. அதிபர் பதவி கைமாறியே தீர வேண்டும், அதை மீறினால் கிளர்ந்தெழுவது கடமை என்று அதன் 88-ஆவது பிரிவு சொன்னது. மார்ட்டினஸைப் போல இன்னொருவர் வராமல் தடுக்கும் பூட்டு அது.

“மக்கள்தானே 85 விழுக்காடு கொடுத்தார்கள்?” என்ற கேள்வி நியாயமானது. பெரும்பான்மை உண்மையானதுதான், அதை மறுப்பது வீண். ஆனால் பதவி வரம்பு என்ற விதி, யாருக்கும் பிடிக்காத அதிபருக்காக எழுதப்படுவதில்லை. அவரைத் தேர்தலே வீட்டுக்கு அனுப்பிவிடும். எல்லோருக்கும் பிடித்த அதிபருக்காகத்தான் அந்த விதி இருக்கிறது. பிடித்திருக்கிறது என்ற காரணத்துக்காக அதை எடுத்துவிட்டால், பிடிக்காமல் போகும் நாளில் அது அங்கே இருக்காது. இன்னொன்று: 2025-இல் பத்திரிகையாளர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினார்கள்; ஊழலை விசாரித்துவந்த மனித உரிமை வழக்கறிஞர் ரூத் லோபெஸ் மே மாதம் கைதுசெய்யப்பட்டார்; அவர் வேலை செய்த அமைப்பு ஜூலையில் நாட்டை விட்டு வெளியேறியது. கேள்வி கேட்பவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனபின் எடுக்கப்படும் கருத்துக்கணிப்பு, முன்பு எடுத்ததைப் போலவே பொருள் தருமா?

அன்று கதவைத் திறந்தது யார்?

தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் கேள்வி இது. இரண்டு ஆட்சியாளர்கள் எப்படி ஆண்டார்கள் என்று பார்க்கிறோம். முதலாமவர் எப்படிப் போனார் என்று பார்ப்பதில்லை. போன விதத்தில்தான், இன்று எது மாறியிருக்கிறது என்ற விடை இருக்கிறது.

1944 ஏப்ரல் 2-ஆம் தேதி ராணுவத்தின் ஒரு பிரிவு மார்ட்டினஸுக்கு எதிராக எழுந்தது. அதை அவர் இரண்டு நாளில் நசுக்கினார். அதிகாரிகளுக்கு மரண தண்டனை நிறைவேறியது. துப்பாக்கியால் அவரை அசைக்க முடியவில்லை. பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ஊர்வலம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், எல்லோரும் வேலைக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றார்கள். மே முதல் வாரத்தில் கடைகள் மூடின. வங்கிகள் மூடின. மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ரயில் ஊழியர்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தலைநகரம் வெறிச்சோடியது. சுடுவதற்குத் தெருவில் கூட்டம் இல்லை. 1932-இல் பத்தாயிரக்கணக்கில் கொன்ற ராணுவத்தால் மூடிய கடையை என்ன செய்ய முடியும்? மே 7-ஆம் தேதி, செல்வாக்கான குடும்பத்தைச் சேர்ந்த ஹோசே ரைட் என்ற பதினேழு வயது இளைஞனைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. மறுநாளே மார்ட்டினஸ் வானொலியில் பதவி விலகலை அறிவித்தார். சில நாட்களில் குவாத்தமாலாவுக்குப் போய்விட்டார். அவர் போனதும் ஜனநாயகம் வந்துவிடவில்லை. அந்த அக்டோபரிலேயே, 1932-இல் காவல்துறைத் தலைவராக இருந்த கர்னல் ஒருவர் ஆட்சியைப் பிடித்தார். இருந்தாலும் அந்த ஒரு வாரம் நடந்தது நடந்ததுதான்.

அந்த வாரத்தில் யார் யார் கையைக் கட்டினார்கள் என்று கவனியுங்கள்: கடைக்காரர், வங்கி எழுத்தர், ஓட்டுநர், மாணவர், மருத்துவர். நகரத்து நடுத்தர வர்க்கம். மார்ட்டினஸுக்குக் கீழே கிராமம் பயந்து கிடந்தது, நகரம் சலித்துப் போயிருந்தது, மேல்தட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தது. அவரை நேசித்தவர்கள் குறைவு. புக்கேலேயின் நிலைமை இதற்கு நேர் எதிர். மாமூலிலிருந்து விடுபட்ட கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும்தான் அவருடைய அசையாத ஆதரவாளர்கள். 1944-இல் கதவைத் திறந்த கை இன்று அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ராணுவச் சர்வாதிகாரிக்கும் வெகுஜனவாதத் தலைவருக்கும் இடையிலுள்ள ஆழமான வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து. பழைய வகை ஆட்சி கீழிருந்து தனிமைப்படும். புதிய வகை ஆட்சியில் தனிமைப்படுவது நீதிபதியும் நிருபரும் எதிர்க்கட்சிக்காரரும். இந்த அளவில் புக்கேலேயை அகற்றுவது மார்ட்டினஸை அகற்றியதைவிடக் கடினம், அவர் மார்ட்டினஸைவிட மிகக் குறைவாகக் கொடியவராக இருந்தும்.

வெளிநாட்டு அழுத்தமும் அன்று போல் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கா தான் நாடுகடத்திய இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுவேலர்களைப் புக்கேலேயின் பெருஞ்சிறையில் அடைத்தது. அங்கிருந்து கண்டனம் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அடுத்த அதிபர் தேர்தல் 2027-இல், திட்டமிட்டதைவிட இரண்டு ஆண்டு முன்னதாக. அதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயமாக நான் நினைப்பது அரசமைப்பு சம்பந்தப்பட்டதே இல்லை. 2017-இல் உலோகச் சுரங்கங்களுக்கு முழுத் தடை விதித்த நாடு எல் சால்வடார். குடிநீர் கெட்டுவிடும் என்பதே காரணம். 2024 டிசம்பரில் புக்கேலேயின் அவை அந்தத் தடையை நீக்கியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். ஒன்றரை லட்சம் அளவிலான கையெழுத்துகளைத் திரட்டி 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் கொடுத்தார்கள். தேவாலய வாசலில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் ஓராண்டுக்கு முன் அவருக்கு வாக்களித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 85 விழுக்காடு கொடுத்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நீதிபதிகள் நீக்கப்பட்டபோது அசையாதவர்கள் தண்ணீருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.